தவறணை நின்ற மண்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் இன்று வழக்கமாகிவிட்ட காட்சி ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக மது விற்ற பழைய தவறணை மூடப்படுகிறது. அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் வீடுகள் கட்ட ஒருவர் அனுமதி கேட்கிறார். உள்ளூராட்சி மன்றமும் அனுமதி தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனையையும் சேர்த்து விதிக்கிறது. மண் அகழும் இயந்திரம் வேலைசெய்யும் நாட்களில் புதைபொருள் ஆராய்ச்சி அறிந்த ஒருவர் அதன் அருகில் நிற்கவேண்டும். அவருடைய வேலை பார்ப்பதுதான். மண்ணின் நிறம் மாறுகின்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினால் இயந்திரம் நிற்கும். அளக்க வேண்டியதை அளந்து, வரைய வேண்டியதை வரைந்து, படம் எடுத்து, உடைந்த ஓட்டுத் துண்டையும் போத்தற் கழுத்தையும் பொறுக்கிப் பையிலிட்டு அடையாளம் எழுதிய பின் வழிவிடுவார். அவருடைய சம்பளத்தைக் கட்டுபவரே கொடுக்கிறார். வீடுகளும் எழும்புகின்றன.

ஒரு சாராயக் கடைக்கு இத்தனை மரியாதையா என்று நம்மவர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன் லண்டன் நகரத்து ஷோர்டிச் பகுதியில் நடந்ததைக் கேட்க வேண்டும். அங்கே ஒரு பழைய தவறணையின் பின்புறத்து நிலத்தில், புதிய கட்டடங்களுக்காகச் சோதனைக் குழிகள் வெட்டியபோது, ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் மேடையேறிய ‘கர்ட்டன்’ அரங்கின் அடித்தளம் அகப்பட்டது. அச்செய்தி 2012ஆம் ஆண்டு வெளியாயிற்று. 2016இல் முழுமையாக அகழ்ந்து பார்த்தபோது, வட்டமென்று எல்லோரும் எண்ணியிருந்த அரங்கு நீள்சதுரமாக இருந்தது. ‘ஐந்தாம் ஹென்றி’ அங்கேதான் முதலில் ஆடப்பட்டது என்ற நெடுநாளைய நம்பிக்கையும் அத்துடன் ஆட்டங்கண்டது. பறவையின் குரலை எழுப்பும் சிறு மண் ஊதுகுழல் ஒன்றும் கிடைத்தது. அதன்பின் அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. அரங்கின் அடித்தளமும் பேணப்பட்டது.

இந்த ஒழுங்கு தானாகப் பிறந்ததன்று. 1989இல் லண்டனில் ‘ரோஸ்’ அரங்கின் அத்திவாரம் அலுவலகக் கட்டட வேலையில் அகப்பட்டு அழியவிருந்தபோது, நடிகர்களும் பொதுமக்களும் அந்த இடத்தில் திரண்டு நின்று மறித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டிலேயே, நிலத்தைத் தோண்டி இலாபம் பெறுபவரே அந்த நிலத்தின் சரித்திரத்தைப் பதிவுசெய்யும் செலவையும் ஏற்கவேண்டுமென்ற அரசாங்க வழிகாட்டி அங்கே பிறந்தது.

இப்போது மாத்தளைக்கு வருவோம்.

நமது நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் உண்டு. பெருந்திட்டங்களைத் தொடங்குமுன் தொல்பொருட் பாதிப்பை மதிப்பிட வேண்டுமென 1998ஆம் ஆண்டுத் திருத்தமும் 2000ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் கூறுகின்றன. ஏட்டளவில் நாம் இங்கிலாந்துக்குப் பின்தங்கியவர்களல்லர். ஆயினும் மூலச் சட்டம் ஓரிடத்தில் ஒரு கோடு கீறியிருக்கிறது. தொல்பொருள் எனப்படுவது 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆந் தேதிக்கு முற்பட்டதாக இருக்கவேண்டும். அன்றுதான் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாகி, மலைநாடு பிரித்தானிய முடிக்குக் கீழ் வந்தது. அதற்குப் பிற்பட்ட கட்டடம் நூறாண்டு கடந்ததாயின், அமைச்சர் விரும்பித் தனியே பிரகடனம் செய்தால் பாதுகாப்புப் பெறலாம். விரும்பாவிட்டால் அது வெறுங் கல்லும் மண்ணுந்தான்.

இந்தத் தேதியைச் சற்று நின்று யோசிக்கவேண்டும். கோப்பிப் பயிருக்காகத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஏழை மக்கள் கொண்டுவரப்பட்டது 1820களிலிருந்து. ஆகவே அவர்கள் நடந்த வழி, தங்கிய மடம், குடியிருந்த லயம், கும்பிட்ட கல், குடித்த தவறணை ஆகிய யாவும் அந்தக் கோட்டுக்கு இப்பால் விழுகின்றன. ஒரு முழுச் சமுதாயத்தின் இருநூறாண்டு வாழ்வு, சட்டத்தின் அகராதியில் பழமை என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை. இதை யாரோ சதிசெய்து எழுதினார்கள் என்று நாம் கூறவில்லை. மன்னர்களின் காலமே சரித்திரம், உழைப்பவனின் காலம் வெறும் நடப்பு என்ற எண்ணம் அன்றைய கல்விமான்களிடையே மூச்சுக்காற்றுப்போல் இயல்பாயிருந்தது. அந்த மூச்சே சட்டத்திலும் படிந்தது. வேடிக்கை என்னவென்றால், 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும் அதே கோட்டுக்கு இப்பாலானதுதான். அந்த ஆண்டு ஜூலையில் தம்புள்ளையில் கொங்காலகொட பண்டா முடிசூடிக்கொண்டார். அவருடைய ஆட்கள் மாத்தளைக்குள் புகுந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கினார்கள். புரன் அப்பு ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்களுக்கு மாத்தளையில் நினைவுச்சின்னம் உண்டு, இருக்கவும் வேண்டும். அதே ஆண்டில், அதே தெருவில், தலையில் மூட்டையுடன் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தவர்களைத்தான் நாம் கேட்கிறோம்.

அந்தத் தெரு மன்னார்க் கரையில் தொடங்கிக் காட்டினூடாகத் தம்புள்ளைக்கு வந்து, நாலந்தையைக் கடந்து, மாத்தளையில் வந்து முடிந்தது. மாத்தளைதான் மலையின் வாசல். இங்கிருந்துதான் ஆட்கள் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து சென்றார்கள். காய்ச்சலாலும் கொள்ளை நோயாலும் வழியில் விழுந்தவர்களின் தொகைபற்றிச் சரித்திராசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். விழுந்தார்கள் என்பதை ஒருவரும் மறுக்கவில்லை. தம்புள்ளைக்கு அண்மையில், இதே மாத்தளை மாவட்டத்தில்தான், இப்பன்கட்டுவை என்ற இடத்தில் ஆதி இரும்புக் காலத்து ஈமக்காடு இருக்கிறது. ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. 1980களிலும் பின்னரும் அறிஞர்கள் அங்கே அங்குலம் அங்குலமாக மண்ணைச் சலித்தார்கள். கற்பலகைகளால் அமைந்த பெட்டிகளுக்குள் சாம்பலும் தாழிகளும் இருந்தன; இந்தியாவிலிருந்து வந்த சூதுபவள மணிகளும் இருந்தன. இன்று அந்தக் கல்லறைகளுக்கு மேல் கூரை போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து மகிழாதவன் படித்தவனல்லன். ஆயினும் கடல்கடந்து வந்த மணிக்குக் கிடைத்த கவனம், அதே கடலைக் கடந்து வந்து அதே தெருவோரத்தில் விழுந்தவனுடைய எலும்புக்குக் கிடைக்கவில்லை.

நாலந்தையில் இன்னொரு பாடம் இருக்கிறது. அங்குள்ள கெடிகே என்னும் கற்கோயில், பல்லவர் காலத்துத் தமிழகச் சிற்பமுறையைத் தழுவி எழுந்த பௌத்த ஆலயம். போவத்தன்னை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது அது நீருள் மூழ்கவிருந்தது. அணை வேண்டும் என்றவர்களும் கோயில் வேண்டும் என்றவர்களும் மல்லுக்கு நிற்கவில்லை. 1970களில் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்தார்கள். 1980இல் உயர்ந்த தளத்தில் திரும்பவும் கட்டி முடித்தார்கள். அணையும் எழுந்தது, கோயிலும் பிழைத்தது. கட்டுவதும் காப்பதும் பகையல்ல என்பதற்கு நாம் லண்டன்வரை போகவேண்டியதில்லை. மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது. நம்முடைய கேள்வியெல்லாம், யாருடைய கல்லுக்காக அந்தச் சிரமம் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதே.

தவறணைக்குத் திரும்புவோம். நமது முற்போக்கு எழுத்தாளர்கள் மலையகத்துத் தவறணையைப்பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சம்பள நாள், தள்ளாடும் புருஷன், வாசலில் காத்து நிற்கும் மனைவி, பசியால் அழும் குழந்தை. அந்தத் துன்பம் பொய்யல்ல. ஆனால் நூறு கதைகளில் ஒரே தவறணையைக் கண்டு கண்டு நமக்கு ஒருவிதக் குருட்டுத்தனம் வந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். தவறணையை ஒழுக்கக்கேட்டின் இடமாக மட்டும் பார்ப்பது துரையின் பார்வை. கூலிகள் குடிகாரர்கள் என்று முறையிட்டவர்கள் துரைமார்தாம். அந்தத் தவறணையை யார் திறந்தார்கள், அதன் இலாபம் எங்கே சென்றது என்று கேட்பதே நமது பார்வையாக இருந்திருக்கவேண்டும்.

விடை பொருளாதார சரித்திரத்தில் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அரசாங்கம் சாராயம் விற்கும் உரிமையைப் பிரதேசம் பிரதேசமாக ஏலத்தில் விட்டது. அதிக விலை கேட்டவன் குத்தகைக்காரன். அந்தப் பிரதேசத்துத் தவறணைகள் யாவும் அவன் கையில். கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, மலைநாட்டுக் குத்தகையின் மதிப்பும் ஏறியது. கூலி மாதக்கணக்கில் நிலுவையாய்க் கிடந்த அக்காலத்தில் தொழிலாளி கடனுக்குக் குடித்தான். இலங்கையின் உள்நாட்டு முதலாளி வர்க்கம் தன் முதல் மூலதனத்தைத் திரட்டிக்கொண்ட பிரதான வழிகளில் ஒன்று இந்தச் சாராயக் குத்தகை என்பதைக் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார். பின்னாளில் பேரரசிடம் பட்டங்கள் பெற்று, அரசியல் தலைமையும் ஏற்ற குடும்பங்கள் சிலவற்றின் அத்திவாரத்தைத் தேடினால் அது ஒரு தவறணையின் மண்தரையில் போய் முடியும். 1912ஆம் ஆண்டு மதுவரிச் சட்டத்தை எதிர்த்து எழுந்த மதுவிலக்கு இயக்கம் தேசிய இயக்கத்துக்குப் பயிற்சிக்களமாயிற்று என்பதையும், அந்த மேடைகளில் சாராயப் பணத்தால் வளர்ந்த சீமான்களும் வீற்றிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கும்போது, சரித்திரம் தன்னைத்தானே கேலிசெய்துகொள்வதுபோல் தோன்றுகிறது.

அப்படியாயின் ஒரு பழைய தவறணை நின்ற மண் அற்பமானதா? ஏலத்தின் கணக்கு கச்சேரியின் ஏடுகளில் கிடைக்கும். குடித்தவன் எதில் குடித்தான், எதைக் கடித்துக்கொண்டான், பெண்கள் அங்கே வந்தார்களா, சிங்களக் கிராமத்தானும் தோட்டத்துத் தமிழனும் ஒரே திண்ணையில் அமர்ந்தார்களா என்பன எந்த ஏட்டிலும் இல்லை. அவை மண்ணில்தான் இருக்கின்றன.

இது வெறும் ஊகமல்ல என்பதற்கு நியூயோர்க் நகரத்து ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ என்ற பகுதி சாட்சி. பஞ்சம் பிழைக்க வந்த ஐரிஷ் மக்களும் கறுப்பரும் நெருங்கி வாழ்ந்த, சாராயக் கடைகள் நிறைந்த சேரி அது. 1842இல் அமெரிக்கா சென்ற சார்ல்ஸ் டிக்கன்ஸ் அதைப் பார்த்து முகஞ்சுளித்து எழுதினார். அவருக்குப் பின் எழுதியவர்களும் அழுக்கு, குடி, குற்றம் என்பவற்றுக்குமேல் எதையும் அங்கே காணவில்லை. 1991இல் நீதிமன்றக் கட்டடத்துக்காக அங்கே மண்ணைத் தோண்டியபோது, சட்டப்படி ஆராய்ச்சியாளர்களும் இறங்கினார்கள். ஏறக்குறைய 8,50,000 பொருட்கள் கிடைத்தன. பூவேலை செய்த தேநீர்க் கோப்பைகள், தையற் கருவிகள், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்கள். சேரியில் வாழ்ந்தவர்கள் குடித்துச் செத்தவர்கள் மட்டுமல்லர். கடும் உழைப்பின் நடுவே ஒரு கோப்பையின் அழகை விரும்பி வாங்கியவர்கள் என்பதை மண் கூறிற்று. பெரும் எழுத்தாளரின் கண் தவறவிட்டதைக் குப்பைக்குழி காப்பாற்றி வைத்திருந்தது. அந்தப் பொருட்களிற் பெரும்பகுதி உலக வர்த்தக மையக் கட்டடம் ஒன்றின் நிலவறையில் வைக்கப்பட்டிருந்து, 2001 செப்டம்பர் 11இல் அழிந்துபோயிற்று. ஆயினும் அளந்ததும் எழுதியதும் பிழைத்திருக்கின்றன.

இவ்வளவும் சொன்னபின் ஓர் எதிர்ப்புக் குரல் எழும். அது நியாயமான குரல். “தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு நெஞ்சு பதறுகிறது. பலகை நாட்டுவான், வேலி போடுவான், பிறகு எங்களை எழும்பச் சொல்லுவான். அந்தப் பேயை நீங்களே தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வருகிறீர்களா?”

இந்தப் பயம் அனுபவத்தில் விளைந்தது. மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளையிலேயே 2012 ஏப்ரலில், புனித பூமி என்ற பெயரால் ஒரு கூட்டம் பள்ளிவாசலைத் தாக்கியது. அருகிலிருந்த பத்திரகாளி அம்மன் கோயிலையும் அகற்றவேண்டுமென்ற கூக்குரல் எழுந்தது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருட்களுக்கென ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாய் வாழும் அந்த மாகாணத்துக்கான குழுவில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இல்லை. ஒரு விஞ்ஞானம் நிலம் பிடிக்கும் கருவியாகும்போது மக்கள் அதை வெறுப்பதில் வியப்பென்ன?

ஆனால் அதனாலேயே நாம் இங்கிலாந்துத் தவறணையின் முன்மாதிரியை வற்புறுத்துகிறோம். அங்கே நிற்பவன் காவல்காரனல்லன், பார்வையாளன். அவனிடம் வேலி இல்லை. குறிப்புப் புத்தகம் இருக்கிறது. பார்த்து எழுதியதும் அவன் விலகிக்கொள்கிறான், வீடு எழுகிறது. நிலத்தைப் பறிக்கும் தொல்பொருளியல் வேறு, நிலத்தைக் கேட்டுக்கொள்ளும் தொல்பொருளியல் வேறு. முன்னதை எதிர்க்கும் உரிமை நமக்கு முழுமையாக வரவேண்டுமானால், பின்னதைக் கோரும் துணிவும் வேண்டும். நமது சரித்திரத்தை நாமே தோண்டிப் பதிவுசெய்யாவிட்டால், அந்த மண்ணில் நாம் வாழ்ந்ததற்கே சாட்சியில்லை என்று நாளை ஒருவன் சொல்வான்.

மலையகத்தில் வீடு என்பது ஆடம்பரமல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில் மூன்று தலைமுறைகள் படுத்தெழும்பிய மக்களுக்கு, 2015க்குப் பின் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலமென்ற கணக்கில் தனி வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். இந்திய உதவியாக 4,000 வீடுகளும், அவற்றுக்கு மேலாக 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. அறிவிப்புக்கும் அத்திவாரத்துக்கும் இடையில் ஆண்டுகள் உருண்டன. 2023 ஜூலை 28ஆந் தேதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டவர்கள், முன்னோர் நடந்த அதே வழியில் இருநூறாவது ஆண்டு நினைவாக நடந்து, ஆகஸ்ட் 12ஆந் தேதி மாத்தளையை வந்தடைந்தார்கள். அந்த ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள்ளேயே, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் போட்ட தற்காலிகக் குடிசை தோட்ட நிர்வாகத்தினரால் இடித்துத் தள்ளப்பட்டதை நாடே படத்தில் பார்த்தது. 2025 நவம்பரில் வந்த தித்வா புயல் மலைச்சரிவுகளைப் பெயர்த்து, இந்த மக்களின் வீட்டுக் கேள்வியை உயிரின் கேள்வியாகவே ஆக்கிவிட்டது. இந்நிலையில் ஆராய்ச்சியின் பெயரால் ஒரு வீட்டை ஒரு மாதம் தாமதிக்கச் சொல்பவன் மனிதனல்லன்.

நாம் தாமதம் கேட்கவில்லை. லயத்தை இடிக்குமுன் அதன் நீளம், அகலம், கதவு, அடுப்பு, புகைக்கறை ஆகியவற்றை வரைந்துகொள்ள ஒருநாள் போதும். எந்த அறையில் யார் வாழ்ந்தார்கள், பிரட்டுக்களம் எங்கிருந்தது, பழைய தவறணை எந்த வளைவில் நின்றது என்று அந்தத் தோட்டத்து முதியவளைக் கேட்டு எழுதிக்கொள்ள இன்னொரு நாள். அத்திவாரம் வெட்டும்போது பக்கத்தில் நிற்க ஓர் ஆள். பேராதனையில் தொல்லியல் படிக்கும் மாணவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கக்கூடும். அவர்களில் ஒருவர் நின்றால் இன்னும் நல்லது. செலவைத் திட்டத்தின் கணக்கிலேயே சேர்க்கலாம். சீமெந்தின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு தூசு.

பார்க்க ஒருவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மாத்தளையே காட்டியிருக்கிறது. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்காக மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. தோண்டத் தோண்ட 150க்கு மேற்பட்டோரின் எச்சங்கள். அகழ்வை நடத்திய பேராசிரியர் ராஜ் சோமதேவ அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதாவது தெற்கில் இளைஞர்கள் காணாமற்போன காலம். பின்னர் அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் காபன் பரிசோதனை, அவை 1950க்கு முற்பட்டவை என்றது. பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மார் இரண்டு அறிக்கைகளுக்கு நடுவே நிறுத்தப்பட்டார்கள். அந்த வழக்கின் உண்மையைத் தீர்ப்பது நமது வேலையல்ல. ஆனால் மண்ணடுக்கு ஒருமுறை கலைந்தால் கலைந்ததுதான். முதல் வாளியோடு போன சாட்சியத்தை எந்த ஆய்வுகூடமும் திருப்பித் தரமாட்டாது. மண்வெட்டி விழுமுன் பார்வையாளன் வரவேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேறில்லை.

தவறணைத் தரையிலோ லயத்து அத்திவாரத்தின் கீழோ என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று கூறலாம். பெரும்பாலும் உடைந்த சட்டியும் போத்தலும் கிடைக்கும். கோப்பிக் காலத்து ஆலைகள் வேலைக்கு அடையாளமாக வழங்கிய உலோக வில்லை ஒன்று கிடைத்தாலும் கிடைக்கலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொழிலாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட தகரத் துண்டு ஒன்றும் மண்ணில் புதைந்து கிடக்கலாம். அதில் பெயர் இராது. தோட்டத்தின் அடையாளமும் ஓர் எண்ணும் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைத் தோட்டத்துப் பழைய பேரேட்டோடு வைத்துப் பார்த்தால், அதைக் கட்டிக்கொண்டு வந்தவரின் பெயர் தெரியவரக்கூடும். பேரேடுகளும் இப்போது கறையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.